பண்டார் தெங்காராவில் நோயாளிகள் இல்லை

திலகம் பதினெட்டு வருடம் இடைநிலைப் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தார். அத்தனை வருடத்திலும் மாணவர்களைத் திட்டியது மிகக் குறைவு. வரைபடத்தில் அளவுகோல் போட மறந்தவர்களை மட்டும் திட்டினார். அளவுகோல் இல்லாத வரைபடம் கோலத்துக்குச் சமம் என்பார். கோலம் போடத் தெரிந்த பிள்ளைகளுக்கு அது வருத்தமாக இருக்கும்.

அவருடைய அப்பா ஜொகூர் பாருவில் நில அளவை அலுவலகத்தில் குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். அரசாங்க வேலை அல்லாத எதையும் வேலை என்று ஒப்புக்கொள்ளாத வீடு அது. பல்கலைக்கழகத்தில் திலகம் புவியியல் படித்தார். இறுதியாண்டு ஆய்வுக்கு மழை, சரிவு, மண் வகை, மரங்களின் அடர்த்தி நான்கையும் வைத்து மண்சரிவைக் கணக்கிட்டார். அப்போதுதான் மல்டிபல் ரிக்ரெஷன் பழக்கமானது. ஒரு விளைவுக்குப் பல காரணங்கள் இருந்தால், எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லும் கணக்கு அது. அது அவருக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. வீட்டில் பழி விழுந்தால் முழுதாக ஒரே ஆள் தலையில்தான் விழும். இந்தக் கணக்கு பழியை நியாயமாகப் பங்குபோட்டது.

கணவர் ஜெயசங்கர் பண்டார் தெங்காராவில் பள்ளி அலுவலகத்தில் தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர். கல்யாணத்துக்குப் பிறகு திலகமும் அங்கேயே மாற்றல் வாங்கிக்கொண்டார். நான்கு பக்கமும் செம்பனை. எந்தத் திசையில் போனாலும் அரைமணி நேரத்துக்கு ஒரே மரம். ஜெயசங்கரின் சிறுநீரகங்கள் இரண்டும் நின்றுபோனபோது அரசாங்க மருத்துவமனையில் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தது. ஸ்கூடாயில் ஓர் அறக்கட்டளை ரத்தச் சுத்திகரிப்பு மையம் நடத்துவதாகச் சொன்னார்கள். அறுபது கிலோமீட்டருக்கு மேல். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம்.

அந்த அறக்கட்டளைக்கு ஒரு விதி இருந்தது. நோயாளி மையத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும். திலகம் விண்ணப்பப் படிவத்தை நிரப்பினார். விலாசம் என்ற இடத்தில், ஸ்கூடாயில் இருக்கும் தன் தங்கை கோமளாவின் வீட்டு விலாசத்தை எழுதினார். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஸ்கூடாயில் ஒரு சொந்தக்காரர் இருப்பது அந்தப் பக்கத்து மக்களுக்கு அப்போது நல்ல சிறுநீரகம் இருப்பதைப் போல.

கணவர் கீழ்த்தளத்தில் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கும் நான்கு மணி நேரமும் திலகம் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்கு வராது. முன்கூட்டியே ஓய்வு பெற்று, மையம் இருந்த அந்தக் கடைவீட்டின் மாடியில், அறக்கட்டளை அலுவலகத்தில் பதிவேட்டு அலுவலராகச் சேர்ந்தார். அவருடைய வேலைக் கோப்பில் பண்டார் தெங்காரா என்று இருந்தது. கணவரின் நோயாளிக் கோப்பில் ஸ்கூடாய் என்று இருந்தது. இரண்டு கோப்பும் ஒரே அலமாரியில் ஒரே தட்டில்தான் இருந்தன. காகிதத்தின்படி, அந்தத் தம்பதி பிரிந்து வாழ்ந்தார்கள். யாரும் அதைப் பற்றி அவர்களிடம் விசாரிக்கவில்லை.

ஜெயசங்கர் மூன்று வருடம் அப்படி வந்துபோனார். ஒரு மழை மாதத்தில் இறந்துபோனார். நான்காவது வாரம் திலகம் வேலைக்குத் திரும்பினார். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டவர்களிடம், காலாண்டு அறிக்கை பாக்கி என்றார். உண்மையிலேயே பாக்கி இருந்தது.

ஜொகூரில் வார விடுமுறை மறுபடி சனி, ஞாயிறுக்கு மாறிய ஆண்டில், அறக்கட்டளைக்கு இன்னொரு மையம் திறக்கும் வசதி வந்தது. ஒன்றே ஒன்றுதான். ஸ்கூடாயிலேயே இரண்டாவதா, பண்டார் தெங்காராவில் முதலாவதா என்பது கேள்வி. தலைவர் தேனப்பன் இரும்புக்கடை வியாபாரி. செட்டிநாட்டுக் குடும்பம். அளந்து பார்க்காமல் எதையும் வெட்டக்கூடாது என்பது அவர் கொள்கை. எனவே கணக்குப் போட்டுச் சொல்லும்படி திலகத்திடம் சொன்னார்.

திலகம் முறையாகச் செய்தார். மாநிலத்தில் அறக்கட்டளையின் நான்கு மையங்களின் ஐந்து வருடப் பதிவேட்டை எடுத்தார். நோயாளிகளின் பெயர்களை நீக்கிவிட்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டார். அதுதான் ஒழுங்கு. விலாசங்களைச் சுத்தம் செய்தார். ஒரு விலாசத்தில் அஞ்சல் குறியீட்டில் ஓர் இலக்கம் பிசகியிருந்தது, திருத்தினார். பிறகு நாற்பத்தொரு வட்டாரங்களில் பத்தாயிரம் பேருக்கு எத்தனை நோயாளிகள் என்று கணக்கெடுத்து, நான்கு காரணங்களோடு பொருத்தினார். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எத்தனை விழுக்காடு, நீரிழிவுக்காரர்கள் எத்தனை பேர், குடும்ப வருமானம், பக்கத்து மையத்துக்கு எவ்வளவு தூரம். கணக்கு நன்றாகப் பொருந்தியது.

கூட்டத்தில் திலகம் திரையைக் காட்டினார்.

"நீரிழிவு கூடினா நோயாளி கூடுறாங்க. வயசு கூடினாலும் அப்படித்தான். தூரம் கூடினா குறையுறாங்க, ஐயா."

"தூரம் கூடினா குறையுதா?" என்றார் தேனப்பன்.

"பத்து கிலோமீட்டர் தள்ளிப் போனா, பத்தாயிரம் பேருக்குக் கிட்டத்தட்ட ஒரு ஆள் குறையுது."

"அப்போ தூரத்துல இருக்கறவங்களுக்கு கிட்னி நல்லா இருக்கு. செம்பனைக் காத்து போல." மற்ற உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். "பண்டார் தெங்காராவுல எத்தனை பேர் இருக்காங்க, டீச்சர்?"

"பதிவேட்டுல யாரும் இல்ல."

"கணக்கு எத்தனை சொல்லுது?"

"ஒண்ணே கால்."

"அந்தக் கால் ஆளுக்கு வேற வழி பார்த்துக்கலாம். ஸ்கூடாய்னே வெச்சுக்குவோம். அடுத்த மாசம் முடிவு போடலாம்."

கூட்டக் குறிப்பு எழுதுவதும் திலகத்தின் வேலைதான். பண்டார் தெங்காராவில் நோயாளிகள் இல்லை என்று எழுதினார். பிறகு காரை எடுத்துக்கொண்டு பண்டார் தெங்காராவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனார். மூன்று வருடம் கணவரை ஏற்றிக்கொண்டு போய்வந்த அதே சாலைதான். கொடுத்த தரவை வைத்துக் கணக்குப் போடு என்று பதினெட்டு வருடம் சொல்லிக்கொடுத்தவர் அவர். தரவு எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பாடம் அந்தப் பாடத்திட்டத்தில் கடைசியில் இருந்தது. அதை முடிப்பதற்குள் எப்போதும் பரீட்சை வந்துவிடும்.

கணக்கு முடிந்தபின் எச்சங்களை வரைபடத்தில் போட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். கணக்கு எதிர்பார்த்ததற்கும் உண்மையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் எச்சம். கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் போட்டார். ஸ்கூடாயில் ஒரு குடியிருப்பு மட்டும் சிவப்பாக நின்றது. கணக்கின்படி அங்கே மூன்று நோயாளிகள் இருக்க வேண்டும். பதிவேட்டில் ஒன்பது பேர். ஒன்பதில் நான்கு ஒரே தெருவில். நான்கும் ஒரே வீட்டில்.

திலகம் வீட்டு எண்ணைப் படித்தார். தொலைபேசியை எடுத்தார்.

"கோமளா, உன் வீட்டுல இப்ப யாரெல்லாம் இருக்கீங்க?"

"நானும் அவரும். பூனை ஒண்ணு. ஏன்க்கா?"

"பதிவேட்டுல உன் வீட்டுல நாலு கிட்னி நோயாளி இருக்காங்க."

"அத்தானுக்குக் குடுத்தேன். அப்புறம் அவர் பள்ளிக்கூடக் கேன்டீன்ல இருக்கிற வாசுகி தனக்குக் கேட்டா. அவ யாரோ லாரி டிரைவருக்குக் கேட்டா. அந்த ஆளு ஒரு மலாய்க்காரம்மாவுக்குக் கேட்டார். அக்காவுக்குக் குடுத்துட்டு மத்தவங்களுக்கு மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"சொல்ல முடியாதுதான்."

"அக்கா, பூனைக்கு ஒண்ணும் இல்ல."

திலகம் தொலைபேசியை வைத்துவிட்டு, நான்கு வரிசைகளில் மிகப் பழைய எண்ணைப் பதிவேட்டில் தேடினார். அவர் அஞ்சல் குறியீட்டைத் திருத்திய அதே வரிசை. பெயர், ஜெயசங்கர். தன் கணவருக்காகத் தானே எழுதிய பொய்யில் இருந்த எழுத்துப்பிழையை அவர் கவனமாகச் சரிசெய்து, அதை ஸ்கூடாயின் கணக்கில் சேர்த்திருந்தார். சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தார்.

இப்போது விஷயம் தெளிவாகிவிட்டது. தூரத்தில் நோய் குறையவில்லை. தூரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் காகிதத்தில் கிட்டே குடிவந்துவிட்டார்கள். இதை நிர்வாகத்திடம் சொன்னால் முதலில் யார் யார் என்று கேட்பார்கள். விதிப்படி பொய் விலாசம் கொடுத்தவரின் சுத்திகரிப்பு இருக்கை ரத்து. சொல்லாமல் விட்டால் மையம் ஸ்கூடாய்க்குப் போகும். அந்தப் பக்கத்து மக்கள் இன்னும் பத்து வருடம் அறுபது கிலோமீட்டர் வருவார்கள், வர முடிகிறவரை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பண்டார் தெங்காரா கடைவரிசையின் முன்னால் திலகம் லெட்சுமணனின் வேனில் ஏறினார். லெட்சுமணன் பள்ளி வேன் ஓட்டுபவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மையத்தில் காலைக் குழுவுக்கு அடுத்து வரும் இரண்டாம் தவணை நோயாளிகளை ஸ்கூடாய்க்கு ஏற்றிப்போவார். மைய வாசலில் இறக்கமாட்டார். பின்தெருவில் டயர்க் கடை ஓரமாக இறக்குவார். அங்கிருந்து இரண்டிரண்டு பேராக, பக்கத்து வீட்டிலிருந்து நடந்துவருகிறவர்களைப் போல வருவார்கள். திலகத்தின் மாடி ஜன்னலிலிருந்து டயர்க் கடை நன்றாகத் தெரியும்.

"டீச்சர் கார் ரோசாக்கா?" என்றார் லெட்சுமணன்.

"கார் நல்லாத்தான் இருக்கு, அண்ணே."

"அப்போ ஸ்பாட் செக்," என்றது பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல். செல்லப்பன், செம்பனை லாரி ஓட்டி ஓய்ந்தவர். "போச்சு. இன்னியோட நம்ம எல்லாருக்கும் மோட்சம்."

"சும்மா இருங்கண்ணே," என்றார் கேன்டீன் வாசுகி. "டீச்சர் நம்ம வீட்டுக்காரங்கதான லா. ஒரே விலாசம்."

கோமளா சொன்ன மலாய்க்காரம்மா, எல்லாரும் காக், அதாவது அக்கா, என்று கூப்பிடும் ரொஹானா, என்ன விஷயம் என்று மலாயில் கேட்டார். திலகம் மலாயிலும் தமிழிலும் விளக்கினார். வரைபடம் ஒன்றை மடியில் விரித்தார். ஒவ்வொருவரும் உண்மையில் எங்கே ஏறுகிறார்கள் என்று புள்ளி மட்டும் வைக்கப்போவதாகவும், பெயர் எழுதமாட்டேன் என்றும் சொன்னார்.

"புள்ளி வெச்சா பேர் கேப்பாங்க," என்றார் செல்லப்பன். "செட்டியார் விடுவாரா? ஒத்த ஆணி குறைஞ்சா கடையைப் பூட்டிட்டுத் தேடுற மனுஷன்."

"கேப்பாரு."

"கேட்டா?"

"ஒரு பேர் சொல்வேன்."

"யார் பேரு?"

"உங்க கிராணியார் பேரு."

வேன் கூலாய் பக்கத்துச் சந்திப்பில் விளக்குக்கு நின்றது. திலகத்துக்கு வேலை இல்லாத நாட்களில் ஜெயசங்கரும் இதே வேனில்தான் வந்தார். அவர் வழக்கமாக உட்காரும் இடத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"மையத்துல அவர் சீட்டை இனிமே யாரும் ரத்து பண்ண முடியாது," என்றார் திலகம்.

"ஒரு ஆளைச் சொன்னா மத்தவங்களையும் நம்புவாங்களா?" என்று கேட்டார் வாசுகி.

"தெரியல."

"தெரியலன்னு சொல்ற டீச்சரை இப்பத்தான் பார்க்கிறேன்," என்றார் செல்லப்பன். கொஞ்ச தூரம் போனபின் முன்பக்கம் குனிந்தார். "மில்லுக்குப் போற மண்ரோடு, சூராவ் பள்ளிவாசல் தாண்டி மூணாவது வீடு. வைங்க. நின்னுபோனவங்களுக்கும் புள்ளி உண்டா?"

"எங்க நின்னுபோனாங்க?"

"வீட்டுலதான். இவ்வளவு தூரம் முடியலன்னு வர்றதை விட்டுட்டாங்க. அவங்க எந்த வேன்லயும் இல்ல."

பதிவேட்டில் இல்லாதவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று திலகம் சொன்னார். செல்லப்பன் ஒப்புக்கொண்டார். வேனில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இடம் சொன்னார்கள்.

லெட்சுமணனுக்கு மற்ற வேன்காரர்களைத் தெரியும். மூன்று வாரத்தில் திலகம் நான்கு வேன்களில் பயணம் செய்தார். ஆயர் ஈத்தாம் பக்கத்து வேனில் ஒருவர் மடியில் பூச்சாடியோடு வந்தார். விலாசம் கொடுத்த மருமகளுக்கு நன்றிக்கடனாம். மொத்தம் முப்பத்தேழு புள்ளிகள் இடம் மாறின. அதில் பதினொன்று பண்டார் தெங்காராவுக்கு வந்தன. பதினொன்றில் ஒன்றைத் திலகம் வேனில் வைக்கவில்லை. மேசையில் உட்கார்ந்து தானே வைத்தார்.

கணக்கை மறுபடி ஓட்டினார். நீரிழிவும் வயதும் அப்படியே நின்றன. தூரத்தின் பங்கு கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு வந்தது. பண்டார் தெங்காராவுக்குக் கணக்குச் சொன்ன எண்ணிக்கை பதினான்கு. தனக்கு வேண்டிய விடை வந்தால் இரண்டு முறை சரிபார்க்க வேண்டும் என்பது அவர் பழக்கம். இந்த முறை ஐந்து தடவை பார்த்தார். ஐந்து தடவையும் பதினான்குதான்.

மாதக் கூட்டத்தில் தேனப்பன் இரண்டு திரைகளையும் மாற்றிமாற்றிக் காட்டச் சொன்னார்.

"போன மாசம் ஒண்ணே கால். இந்த மாசம் பதினாலு. கணக்கு மாறுமா, டீச்சர்?"

"கணக்கு மாறல, ஐயா. விலாசம் மாறியிருக்கு. முப்பத்தேழு பேர் பதிவுல இருக்கிற இடத்துல இல்ல."

"பொய் விலாசம்."

"ஆமா."

"எப்படித் தெரியும்?"

"ஒண்ணு நானே எழுதினது. என் வீட்டுக்காரருக்கு."

ஓர் உறுப்பினர் தண்ணீர்ப் புட்டியை மூடினார். தேனப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மத்த முப்பத்தாறு பேர் யாரு?"

"அவங்க உயிரோட இருக்காங்க, ஐயா. சொல்லமாட்டேன்."

"நான் தலைவர், டீச்சர்."

"தெரியும், ஐயா. வேணும்னா வேலையை விட்டுடறேன். பேர் சொல்லமாட்டேன்."

தேனப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இந்த இருபத்தஞ்சு கிலோமீட்டர் யாரு போட்டது?"

திலகம் பழைய கோப்பைத் திறந்தார். "ரெண்டாயிரத்துப் பதினொண்ணு, ஜூன் கூட்டம். நீங்க முன்மொழிஞ்சீங்க."

"எதுக்கு?"

"தூரத்துல இருந்து வர்றவங்க தவறவிடுவாங்க, இருக்கை வீணாப் போகும்னு."

"தவறவிடுறாங்களா?"

"அதையும் பார்த்தேன். கிட்ட இருக்கறவங்கதான் அதிகமாத் தவறவிடுறாங்க. வேன்ல வர்றவங்க வந்துடுறாங்க. வேன் காத்திருக்காது."

"உங்க வீட்டுக்காரர்?"

"மூணு வருஷத்துல ரெண்டு தடவை. வெள்ளத்துல ரோட்டை மூடிட்டாங்க. அடுத்தடுத்து ரெண்டு நாள்."

"அப்புறம்?"

"அந்த மழையோட அவ்வளவுதான், ஐயா."

தேனப்பன் வரைபடத்தைக் கையில் எடுத்து, சாலையின் நீளத்தை விரலால் அளந்தார். அளவுகோல் எங்கே என்று தேடினார். கீழே இடதுபுறம் இருந்தது. விரலை அதில் வைத்துப் பார்த்தார்.

"ஆறு இருக்கை போடலாம்," என்றார். "கீழ்த்தளமா இருக்கணும். படி ஏறவிடக்கூடாது. இருபத்தஞ்சை அடிச்சிடுங்க." எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "ஆனா பொய் பொய்தான், டீச்சர். ஒரு எச்சரிக்கைக் கடிதம் குடுத்தாகணும்."

"ஆமா, ஐயா."

அலுவலகக் கடிதங்களைத் தட்டச்சு செய்வதும் திலகத்தின் வேலைதான். தனக்கான எச்சரிக்கைக் கடிதத்தைத் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு அனுப்பினார். தலைவர் தேதி போடாமல் கையெழுத்திட்டிருந்தார். திலகம் அதைத் திருப்பி அனுப்பித் தேதி வாங்கிக்கொண்டார். தேதி இல்லாத எச்சரிக்கை செல்லாது.

பதினொரு மாதம் கழித்துப் பண்டார் தெங்காரா கடைவரிசையில், ஒரு பழைய தையல் கடையின் கீழ்த்தளத்தில் மையம் திறந்தது. பதிவு செய்யத் திலகமே வந்து மேசை போட்டு உட்கார்ந்தார். கணக்குச் சொன்னது பதினான்கு. முதல் வாரத்தில் இருபத்து மூன்று பேர் வந்தார்கள். செல்லப்பன் தன் மண்ரோட்டிலிருந்து மட்டும் மூன்று பேரைக் கூட்டிவந்தார். அவர்களில் ஒருவருக்குக் கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை, வெறுங்காலோடு வந்தார்.

"கணக்குத் தப்பாப் போச்சே, டீச்சர்," என்றார் பார்வையிட வந்த தேனப்பன்.

"தப்புத்தான், ஐயா. ஒன்பது பேர்."

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

வெள்ளிக்கிழமை கடைசியாக வந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். தனியாக வந்திருந்தார். படிவத்தை வாங்கிப் பெயர் எழுதினார், அடையாள அட்டை எண்ணை எழுதினார், பேனாவைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

"எந்த விலாசம் போடணும், டீச்சர்?"

"வீட்டு விலாசம், அம்மா."

"ஸ்கூடாய்ல மருமகன் வீட்டு விலாசம் இருக்கு. பாராமலே சொல்வேன்."

"அது வேணாம். நீங்க இருக்கிற வீடு."

"நான் இருக்கிற வீடா?"

"ஆமா."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து மகனைக் கூப்பிட்டு, நம்ம வீட்டு நம்பர் என்ன என்று கேட்டார். மகன் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். தெரியல, இங்க கேக்கிறாங்க என்றார். திலகம் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அவர் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லச்சொல்ல எழுதினார்.